வேண்டாம் என்று சொல்ல ஒரு தேதி

எஃப்சி ஹவுவன்ஸ்டைன் என்கிற தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் என்னோடு பேசவில்லை என்ற செய்தியை நான் கார் வானொலியில்தான் கேட்டேன். பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கழகத்தில் ஆட்களைப் பிடிக்கவும் கழற்றிவிடவும் பொறுப்பான பெரியவரை ஸ்போர்ட்ஷெஃப் என்பார்கள். அவர் பெயர் ஹெர் ரூட்டிமன்; ஹெர் என்றால் திரு. செய்தியாளர்களைக் கூட்டிவைத்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஹெர் பாலசிங்கத்தின் அணிக்கு இன்னும் சீசன் முடியவில்லை. அந்தச் சீசனை நாங்கள் ஆழமாக மதிக்கிறோம். ஆகையால் அவரோடு பேசவில்லை. எந்த அளவுக்கு மதிக்கிறோம் என்றால், பேசவில்லை என்பதை நாடு முழுவதற்கும் தெரியப்படுத்துவது எங்கள் கடமை என்று கருதினோம்.”

பாலசிங்கம் என் அப்பா; இங்கே அவர் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். என் பெயர் சயன். சுவிஸில் பிறந்து, இங்கேயே படித்து, ஒல்டனுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்கள் வாரத்தின் பெரும்பகுதியை வேலை பழகுவதில் கழிப்பார்கள். மிச்ச நாளில் எங்களிடம் வந்து கொட்டாவி விடுவார்கள். அவர்களில் உதைபந்து ஆட ஆசைப்பட்ட பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணி நடத்துகிறேன். முதியோர் இல்லத்தில் வேலை பழகுகிறவள், முடிவெட்டப் பழகுகிறவள், கூரை போடப் பழகுகிறவள் என்று எல்லாரும் அதில் உண்டு. அந்த வருடம் அவர்கள் தொழிற்கல்லூரிகளுக்கான கிண்ணத்தில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டம். அதற்குப் பிறகு சோதனை, அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஊரில் முழுநேர வேலை. ஆகவே அதுதான் அவர்கள் சேர்ந்து ஆடப்போகும் கடைசி ஆட்டம். அணித் தலைவி கோபிஷா, முதியோர் இல்லத்தில் வேலை பழகுகிறவள், அந்தச் சனிக்கிழமையை விடுமுறையாக வாங்குவதற்காக நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் மற்றவர்களின் வேலையைத் தானே செய்திருந்தாள்.

ஒரு தொழில்முறைக் கழகத்துக்கு நான் எதற்கு என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த வருடம் வேறொரு கழகம் எங்கேயோ ஒரு பாடசாலைப் பயிற்றுவிப்பாளரைப் பிடித்துவந்து வைத்ததாம். அடுத்த ஆட்டத்தில் வென்றுவிட்டதாம். அதிலிருந்து எல்லாக் கழகங்களும் பாடசாலைகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஹவுவன்ஸ்டைன் கழகத்தின் தரவுப் பிரிவு நாட்டிலுள்ள எல்லாப் பயிற்றுவிப்பாளர்களையும் கணினியில் போட்டுக் கலக்கியபோது, தோல்வியே காணாதவன் என்று என் பெயர் மேலே வந்திருக்கிறது. நாங்கள் ஆடியதே கொஞ்சம் ஆட்டம்தான் என்பது கணினிக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

விதி ஒன்று உண்டு. ஒரு பயிற்றுவிப்பாளரின் சீசன் முடியும் முன் வேறு கழகம் அவரோடு பேசக்கூடாது. பேசினால் தண்டனை. தண்டனை அந்தப் பயிற்றுவிப்பாளரின் அணிக்கு. அந்த அணியைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பெரிய கழகத்தைத் தண்டித்தால் பலருடைய பிழைப்புக் கெட்டுவிடும் என்பதால் இப்படி யோசித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டாம். விளையாட்டு ஆசிரியர் வேலையில் ஓய்வூதியம் இருக்கிறது, வாரக் கடைசி இருக்கிறது, யாரும் என்னைப் பார்த்து ஊளையிடுவதில்லை. ஆகவே இடைவேளையில் கழகத்துக்கு ஃபோன் எடுத்து, வேண்டாம் என்று சொல்ல வந்தேன் என்றேன். மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு மூச்சே நின்றுபோனது.

“ஹெர் பாலசிங்கம், தயவுசெய்து அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். மறுப்பும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி. நீங்கள் மறுத்தால் நாங்கள் கேட்டதாக ஆகிவிடும். கேட்டதாக ஆனால் உங்கள் அணி நீக்கப்படும். சீசன் முடிந்த மறுநாள் காலையில் வந்து தாராளமாக மறுக்கலாம். இப்போது ஃபோனை வையுங்கள். நீங்கள் எடுக்கவே இல்லை என்று நான் குறித்துக்கொள்கிறேன்.”

வைத்துவிட்டேன்.

வீட்டில் அனுபமாவிடம் சொன்னேன். அனுபமா என் மனைவி. கோயம்புத்தூர்க்காரி, பாசலில் மருந்துக் கம்பெனியில் வேலை. எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் நம்பமாட்டாள்.

“அப்ப வேணாம்னு சொல்றதுக்கும் சீசன் முடியணுமா?”

“ஓம்.”

“வேணும்னு சொல்றதுக்கும் முடியணும்.”

“ஓம்.”

“அப்ப அதுவரைக்கும் நீ என்ன பண்ணணும்?”

“சும்மா இருக்கோணும். நீர் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேயும்.”

“சும்மா இருக்கறதுல உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே” என்றுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வரவில்லை. பல்வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் அந்த நாட்களில் நான் முழுவதுமாக இருந்தேன்.

அடுத்ததாகத் தவராஜா அண்ணை வந்தார். தவராஜா அண்ணைக்குத் தொழில் காப்புறுதி விற்பது. மனசுக்குப் பிடித்த தொழில் கலியாணம் பேசுவது. ஜெனீவாவிலிருந்து சென்ட் காலன் வரைக்கும் அவர் கட்டிவைத்த சோடிகள் இருக்கின்றன. ஹவுவன்ஸ்டைன் கழகம் அவருக்கு ‘பன்முகத்தன்மைத் தூதர்’ என்று ஒரு பட்டம் கொடுத்து, கழுத்தில் ஒரு துவாயும் போட்டுவிட்டிருந்தது. அண்ணை வாழ்நாளில் ஓர் உதைபந்தாட்டம் முழுதாகப் பார்த்தவரில்லை. தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே விசயத்துக்கு வந்தார்.

“தம்பி, அவை உங்களோட கதைக்கக்கூடாது. அது சட்டம். ஆனா பாக்கக்கூடாது எண்டு சட்டத்தில எங்கயும் இல்லை. எங்கட ஆக்கள் பொம்பிளை பாக்கேக்க என்ன செய்யிறவை? கோயிலுக்கு வரச்சொல்லிப்போட்டு, தற்செயலா வந்த மாதிரி நிண்டு பாத்திட்டுப் போறதுதானே. பிடிக்கேல்லை எண்டாலும் ஒரு பகுதிக்கும் மரியாதைக் குறைவில்லை. நான் இதை ஹெர் ரூட்டிமனுக்கு விளங்கப்படுத்தினன். மனுசன் எழும்பி நிண்டு கை தந்தவர். தாங்கள் இவ்வளவு காலமும் தேடின முறை இதுதானாம்.”

“அண்ணை, எனக்கு இதில விருப்பமில்லை.”

அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்தினார். “எனக்குச் சொல்லாதேங்கோ. நான் அவையின்ர ஆள். எனக்குச் சொன்னா அவைக்குச் சொன்ன மாதிரி. பிறகு உங்கட பிள்ளையள்தான் பாவம்.”

“அப்ப நான் கோயிலுக்கு வராமல் விட்டா?”

“வராட்டி அது மறுப்பு.”

“வந்தா?”

“வந்தா ஒண்டுமில்லை. கோயிலுக்கு வாறது எல்லாரும் வாறதுதானே.”

வெள்ளிக்கிழமை திரிம்பாக் கோயிலுக்குப் போனோம். பூசை தொடங்கியிருந்தது. மூவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தற்செயலாக நின்றார்கள். ஹெர் ரூட்டிமன், தரவுப் பிரிவின் தலைவர், கழகத்தின் சட்ட ஆலோசகர். மூவருக்கும் அண்ணை வேட்டி கட்டிவிட்டிருந்தார். வேட்டி நழுவும் என்ற பயத்தில் அவர்கள் அதன்மேல் காற்சட்டை பெல்ட்டைப் போட்டிருந்தார்கள். சட்ட ஆலோசகர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார். பேசவில்லை என்பதற்கு அது சாட்சியாம்.

அண்ணை என் காதோடு சொன்னார்: “ஒருக்கா உள்வீதி சுத்துங்கோ தம்பி. அவைக்குப் பக்கவாட்டும் தெரியட்டும்.”

சுற்றினேன். நான் எங்கே போனாலும் மூன்று தலையும் அந்தப் பக்கம் திரும்பின. தரவுப் பிரிவின் தலைவர் என் நடையைக் கைபேசியில் எடுத்து, எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்று குறித்துக்கொண்டார். பிறகு அண்ணை அவர்களோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்து, சுண்டல் தட்டத்தை என் கையில் தந்து அவர்கள் நின்ற பக்கமும் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். ஹெர் ரூட்டிமன் சுண்டலை எடுத்துக்கொண்டு, கண்கலங்க, பேசாமல், தலையை அசைத்தார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட யாரும் இப்படிப் பாக்கல” என்றாள் அனுபமா.

பெண்கள் பக்கத்தில் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கோயிலில் மூன்று பேர் ஒருவரை நின்று பார்த்தால் அதற்கு ஒரே பொருள்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு பூம்ப்ளிஸிலிருந்து மனோகரி அன்ரி ஃபோன் எடுத்தார். “உங்கட மோனுக்கு டிவோர்ஸ் ஆமே? சொல்லவே இல்லை. சுவிஸ்காரப் பகுதி வந்து பாத்திட்டுப் போச்சுதாம். பொம்பிளை அந்த வேட்டி கட்டின மனுசன்ர மோளோ?” அம்மா அழுதுகொண்டு எனக்கு எடுத்தார். நடந்ததை விளங்கப்படுத்த முயன்றேன். விளங்கப்படுத்திய பிறகு அம்மா இன்னும் கொஞ்சம் அழுதார். டிவோர்ஸ் என்றாலாவது அவருக்கு விளங்கியிருக்கும்.

அந்தக் குழப்பத்துக்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. தவராஜா அண்ணை பழக்கதோசத்தில் அம்மாவிடம் என் சாதகக் குறிப்பைக் கேட்டிருக்கிறார். கேட்டால் கொடுப்பது முறை என்று அம்மாவும் கொடுத்திருக்கிறார். அண்ணை அதை ஜெர்மனில் எழுதிக் கழகத்துக்கு அனுப்பிவிட்டார். தரவுப் பிரிவு ஆடிப்போனது. தாங்கள் இதுவரை பார்த்த பயிற்றுவிப்பாளர் விவரங்களிலேயே இதுதான் முழுமையானது, எதிர்காலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டி அண்ணைக்கு எழுதினார்கள். கீழே ஒரு கேள்வி: “சனி என்பவர் யார்? அவர் ஹெர் பாலசிங்கத்தோடு ஏழரை வருட ஒப்பந்தத்தில் இருப்பதாகத் தெரிகிறது. அவரை விடுவிக்க என்ன செலவாகும்?”

எள்ளெண்ணெய் விளக்குப் போதும் என்று அண்ணை பதில் போட்டார். அந்த வாரச் செய்தியாளர் கூட்டத்தில் ஹெர் ரூட்டிமன் அதையும் தெளிவுபடுத்தினார்: “ஹெர் சனியோடும் நாங்கள் எந்தப் பேச்சும் நடத்தவில்லை. அவருடைய சீசனையும் மதிக்கிறோம்.”

இதற்குப் பிறகு எங்கள் பயிற்சிக்குப் பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஹவுவன்ஸ்டைன்காரர் மட்டும். ஹவுவன்ஸ்டைன் பேசாமல் இருக்கிற ஆளோடு தாங்களும் பேசாமல் இருக்க வேண்டும் என்று மற்றக் கழகங்களும் பிறகு வந்தன. எல்லாரும் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து பார்ப்பார்கள். யன்னல் கண்ணாடியை இறக்கினால் பேசியதாகிவிடும் என்பதால் உள்ளேயே வியர்த்துக்கொண்டிருப்பார்கள். படமெடுப்பவர்கள் மைதானத்தின் கோட்டுவரைக்கும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மூலையுதை எடுக்க ஓடிவர இடமில்லை. கோபிஷா ஒருநாள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மற்றவர்களுக்கு முன்னால் அவள் என்னோடு ஜெர்மன்தான். தனியாக என்றால் தமிழ், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பழகிய ‘சேர்’ உட்பட.

“சேர், இவை எல்லாரும் சேரைப் பாக்கவோ வருகினம்?”

“ஓம் பிள்ளை.”

“எங்களை ஒருத்தரும் பாக்கேல்லையோ?”

“அவை என்னைத்தான் பாக்கினம். நீங்கள் பாட்டுக்கு விளையாடுங்கோ.”

“எங்க விளையாடுறது? அங்க நிக்கிற மனுசனை விலகச் சொல்லுங்கோ.”

அவர் கழகத்து ஆளாக இருந்துவிட்டால், விலகச் சொல்வதும் பேசியதாகிவிடும். ஆகவே நான் சைகை காட்டினேன். அவர் அதைப் படமெடுத்தார். மறுநாள் பத்திரிகையில் ‘பாலசிங்கம் கையசைத்தார்: சம்மதமா?’ என்று வந்தது.

அந்தக் கார்களில் ஒன்றில் ஹவுவன்ஸ்டைன் கழகத்தின் அப்போதைய பயிற்றுவிப்பாளரே இருந்தார். ஹெர் பெர்னாஸ்கோனி, டிசினோ பக்கத்து மனிதர். அவர் மட்டும் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். பேசலாமா என்று கேட்டேன்.

“நான் கழகத்தின் சார்பில் பேசவில்லை. கழகம் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது. என்மேல் முழு நம்பிக்கை இருப்பதாகப் போன வாரம் அறிக்கை விட்டார்கள். அன்றைக்கே வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டேன்.”

“அப்படியானால் இங்கே என்ன செய்கிறீர்கள்?”

“எனக்குப் பதிலாக வரப்போகிறவரை மதிப்பிட்டுத் தரச் சொன்னார்கள். அது என் ஒப்பந்தத்தில் இருக்கிறது.” அவர் பின்பக்கக் கண்ணாடியைக் காட்டினார். “அந்தச் சாம்பல் கார் தெரிகிறதா? அவர்கள் வேறொரு கழகம். என்னைப் பார்க்க வந்தவர்கள். எனக்கும் சீசன் முடியவில்லை.”

“அவர்களுக்குப் பின்னால் நிற்கிற கார்?”

“அது அந்தக் கழகத்தின் இப்போதைய பயிற்றுவிப்பாளர்.”

தரிப்பிடத்தின் கடைசி வரைக்கும் கார்கள் நின்றன. நான் அவருக்குக் கை கொடுத்தேன். “உங்கள் பெண்கள் நன்றாக ஆடுகிறார்கள்” என்றார். அத்தனை காருக்குள்ளும் ஆட்டத்தைப் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

தரிப்பிடத்தில் தங்களுக்கு இடமில்லை என்று மற்ற ஆசிரியர்கள் முறைப்பாடு செய்தார்கள். எங்கள் அதிபர் அதை உயர்வான மொழிக்கு மாற்றி, ‘மாணவிகளின் சீசன் குழப்பப்படுகிறது, பாதுகாப்புத் தேவை’ என்று தொழிற்கல்லூரி விளையாட்டுச் சம்மேளனத்துக்கு எழுதினார். சம்மேளனம் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் பெயர் ‘சீசன் அமைதி ஆணையம்’. பேர்னில் ஒரு விடுதியின் மண்டபத்தில் கூடினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. பிள்ளைகளுக்கு அழைப்பில்லை. அவர்களை இதற்குள் இழுத்துக் குழப்பக்கூடாது என்பதற்காக.

தலைவி ஃபிராவ் ஹூர்லிமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

“இந்த இளம்பெண்களின் சீசன் நமக்குப் புனிதமானது. இதை எப்படிப் பாதுகாப்பது என்று நாங்கள் பல கூட்டங்களில், நல்ல சாப்பாட்டோடு, நீண்டநேரம் ஆராய்ந்தோம். கழகங்களைத் தடுக்க முடியுமா? முடியாது. அவர்கள் நமது ஆதரவாளர்கள். இந்த மண்டபத்தின் வாடகையும் அவர்களுடையதுதான். படமெடுப்பவர்களைத் தடுக்க முடியுமா? அவர்கள் வராவிட்டால் நமது சம்மேளனத்தை யாருக்குத் தெரியும்? ஆகவே சீசனின் பக்கமிருந்து யோசித்தோம். எந்தச் சீசனை யாராலும் குழப்ப முடியாது? முடிந்துபோன சீசனை. எனவே, இந்த அணியின் சீசன் இன்றோடு கௌரவமாக முடிந்துவிட்டதாக ஆணையம் அறிவிக்கிறது. கிண்ணம், இறுதி ஆட்டத்தில் எதிரே ஆட இருந்த ஊஸ்டர் அணிக்குப் போகும். இனி இந்தப் பெண்களை எவரும் தொந்தரவு செய்ய முடியாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

“பிள்ளைகளுக்கு இறுதி ஆட்டம் ஆட வேண்டும். இந்தத் தண்டனைக்கு மேன்முறையீடு செய்ய விரும்புகிறேன்.”

“ஹெர் பாலசிங்கம், இது தண்டனை அல்ல. தண்டனையாக இருந்தால் நிச்சயமாக மேன்முறையீடு உண்டு, நாங்கள் நாகரிகமானவர்கள். இது பாதுகாப்பு. பாதுகாப்புக்கு மேன்முறையீடு கிடையாது. மேலும், நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?”

“என் அணியின் சார்பில்.”

“உங்கள் அணியின் சீசன் முடிந்துவிட்டது. இப்போது நீங்கள் பார்வையாளர். பார்வையாளர்களின் கேள்விகளுக்குக் கோப்பிக்குப் பிறகு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.”

கோப்பிக்குப் பிறகு எங்கள் அதிபர் பேசினார். கல்லூரியின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஓர் அணி தோல்வியே காணாமல் சீசனை நிறைவு செய்திருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு மாணவிக்கும் தடித்த தாளில் ஒரு சான்றிதழ் வழங்கப்படும் என்று அறிவித்தார். ஹெர் ரூட்டிமன் பின்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். “மரியாதைக்கு இது பெரிய நாள்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நள்ளிரவு வரைக்கும் எனக்குச் சீசன் நடப்பதாகவே கணக்காம்.

நான் ரயிலில் வந்தேன். யன்னலால் பார்த்தேன். மாடுகள் நின்றன. ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்கு வேண்டாம் என்று சொல்லலாம் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது. அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

மறுநாள் காலை கழகத்துக்குப் போனேன். ஹெர் ரூட்டிமன் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார்.

“கடைசியில் பேசுகிறோம். எவ்வளவு அழகான குரல் உங்களுக்கு. உட்காருங்கள்.”

“நன்றி. நான் சொல்ல வந்தது…”

“ஒரு நிமிடம். முதலில் நாங்கள் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்கள் தேடியது இறுதி ஆட்டத்தில் நிற்கிற ஓர் அணியின் பயிற்றுவிப்பாளரை. நீங்கள் இறுதி ஆட்டத்தில் இல்லை. சீசன் முடியும் முன் அணியை இழந்தவர் என்று நேற்று மாலையே தரவுப் பிரிவு உங்களை மாற்றிப் பதிந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் சராசரியாகப் பட்டியலின் அடியில் இருக்கிறார்கள். எங்கள் ஆதரவாளர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?”

“எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.”

அவர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். “புரிகிறது. இந்த நேரத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நாங்கள் உங்களைக் கேட்கவில்லையே. கேட்காத ஒன்றை மறுத்தீர்கள் என்று எப்படிப் பதிவது?” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மன்னிக்கவேண்டும், மதியம் செய்தியாளர் கூட்டம். பூம்ப்ளிஸ் பக்கத்தில் ஒரு பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் இருக்கிறார், கூடைப்பந்து. அற்புதமான மனிதர். அவரோடு நாங்கள் பேசவில்லை.”

வெளியே வந்தபோது தவராஜா அண்ணை துவாயைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். “தம்பி, மனசை விடாதேங்கோ. சில சம்பந்தம் இப்பிடித்தான், தாலி செய்யக் குடுத்த பிறகும் தட்டிப்போகும். உங்களுக்கு என்ன குறை? வேற இடம் பாப்பம்” என்று என் தோளைத் தட்டினார்.

இறுதி ஆட்டம் நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமை, அதிபர் தந்த சான்றிதழ்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போனேன். கூரை போடுகிறவள் கூரையில் இருந்தாள், இறங்கமாட்டேன், கீழே வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். முடிவெட்டுகிறவள் நன்றி சொன்னாள். கடைசியாகக் கோபிஷா. ஆட்டம் இல்லை என்றதும் முதியோர் இல்லத்தில் அவளை அன்றைக்கும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இடைவேளைக்கு வெளியே வந்தாள், வெள்ளைச் சட்டையோடு, ஒரு கோப்பியோடு. சான்றிதழை வாங்கி வாசித்தாள். ‘கௌரவமாக முடிவுற்ற சீசன்’ என்று அதில் போட்டிருந்தது.

“சேர் அவையிட்டப் போறீங்களோ?”

“இல்லை. அவைக்கு நான் வேண்டாமாம்.”

“சேருக்கு விருப்பமோ?”

“எனக்கும் விருப்பமில்லை. முதல் நாளிலயிருந்தே இல்லை. சொல்ல விடேல்லை.”

அவள் கோப்பியைக் குடித்தாள். “அந்தக் கூட்டத்தில சேர் எழும்பிக் கதைச்சதாக் கேள்விப்பட்டன்.”

“ஓம். மேன்முறையீடு கேட்டன். இல்லையாம்.”

“சேர், அவையின்ர பிரச்சினை முழுக்கச் சேர்தானே. சேரைப் பாக்கத்தானே எல்லாரும் வந்தவை.”

“ஓம்.”

“அப்ப ‘நான் விலகிறன், பிள்ளையள் ஆடட்டும்’ எண்டு சொல்லியிருக்கலாமே.”

சான்றிதழ்கள் கொண்டுவந்த வெறும் பையை நான் மடித்தேன்.

“சேர் இல்லாட்டியும் நாங்கள் ஆடியிருப்பம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. வயசாளிகளுக்கு எந்த மாத்திரை எப்போது என்று சொல்கிற குரல்தான். “ஆர் எங்க நிக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆளை எப்ப மாத்துறது எண்டும் தெரியும். கோட்டுக்கு வெளியில ஒருத்தரும் நிக்காட்டியும் பந்து உருளும்தானே. நீங்கள் இல்லாம ஆடுவீங்களோ எண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தக் கார்க்காரரும் கேக்கேல்லை, அந்த ஆணையமும் கேக்கேல்லை.”

“ஓம்” என்றேன்.

“சேரும் கேக்கேல்லை.”

அத்தனை வாரமும் மரத்துப்போய்க் கிடந்த ஒன்று அப்போதுதான் எனக்கு வலித்தது. விலகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்த அத்தனை தடவையும் நான் நடுவில் நின்றுகொண்டேதான் யோசித்திருக்கிறேன். ஹெர் ரூட்டிமனைப் போலவே.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. கோப்பியின் மிச்சத்தைப் புல்லில் ஊற்றினாள்.

“பிரேக் முடிஞ்சுது சேர்” என்றுவிட்டு உள்ளே போனாள்.